கமரா எட்டாத குளக்கரை

கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை என்று ஒன்றன் தோளில் ஒன்று கைபோட்டாற்போல் நிற்கும் ஊர்களைக் கடந்து அக்கரைப்பற்றை அடைந்தோம். அங்கிருந்து மேற்கே அம்பாறைப் பக்கம் திரும்பியதும் கடற்காற்று பின்தங்கிற்று. நெல்வயற் காற்று எதிர்கொண்டு வந்தது. தை மாதம், பெரும்போக வேளாண்மை கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை விரித்துக் கிடந்தது. அந்தப் பசுமைக்கு நடுவே, இறக்காமத்துக்கு அணித்தாக அமைந்திருக்கிறது வரிப்பத்தான்சேனை. காடு வெட்டி எரித்துப் பயிரிட்ட நிலத்தைச் சேனை என்பர். அந்நாளைய உழைப்பின் நினைவு ஊரின் பெயரிலேயே தங்கிவிட்டது.

நாம் அங்கே சென்றது ஒரு பறவையைக் காண்பதற்காக. பழைய நண்பர் ஒருவர், முதிய மீன்பிடிகாரர், நம்மை அதிகாலையிலேயே இறக்காமக் குளத்தின் கட்டுக்கு அழைத்துச் சென்றார். ஊரெல்லாம் அவரைக் காக்கா என்றே அழைக்கும். நமக்கும் அவர் காக்காதான். அவருடைய பேரன், பத்து வயதுச் சிறுவன், நம் தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முன்னே ஓடினான்.

பனி விலகியபோது குளம் விழித்துக்கொண்டது. அல்லி இலைகளின்மேல் தாழைக்கோழிகள் நடை பயின்றன. நீர்க்காகங்கள் இறகை விரித்து வெயில் காய்ந்தன. கருப்புவெள்ளை மீன்கொத்தி ஒன்று நீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, கல் விழுந்தாற்போல் விழுந்தது. கூழைக்கடாக்கள் சபையிற் கூடிய பெரியோர்களைப் போல் மெல்ல மிதந்தன.

சற்று நேரத்தில், நாம் தேடிச் சென்ற பறவையும் வந்தது. வெள்ளைத் தலை, கண்ணின் ஊடாக மை தீட்டினாற்போல் ஒரு கரும்பட்டை, நீண்டு வளைந்த சிறகுகள். குளத்தை இரண்டு முறை வட்டமிட்டது. பின் கால்களை முன்னே நீட்டித் தண்ணீரைப் பிளந்து இறங்கி, உடல் முழுதும் நனைந்து, ஒரு மீனுடன் எழுந்தது. வழுக்கும் மீனைப் பற்றுவதற்கென்றே இதன் உள்ளங்காலில் முட்கள் போன்ற சொரசொரப்பு உண்டு. வெளிவிரலைப் பின்னாலும் திருப்பவல்லது. மீனின் தலை முன்னோக்க அதைப் பிடித்துக்கொண்டு, காற்றைக் கிழித்துப் பறந்து, நீர்நடுவே நின்ற பட்டமரத்தில் அமர்ந்தது.

பறவை நூல்கள் இதற்கு விரால் அடிப்பான் என்று பெயர் தருகின்றன. ஆனால் அன்று அதன் காலில் இருந்தது விரால் அன்று. 1952 இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா. விருந்துக்கு வந்தவர் வீட்டிலுள்ளதை உண்பதுதானே முறை!

“இது மாரியில வாற பருந்து சேர்,” என்றார் காக்கா. “வெயில் காலம் புடிச்சா மறுகா காணக் கிடையாது. இஞ்ச இது குஞ்சு பொரிச்சத நான் ஒரு நாளும் காணல்ல.”

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. இது இலங்கைக்குக் குளிர்கால விருந்தாளி; இங்கே கூடு கட்டுவதில்லை. ஆயினும் இதன் இனத்தார் கூட்டில் வாழும் வாழ்க்கையை நாம் அறிவோம். எப்படி என்று வாசகர் வினவலாம். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் உயர்ந்த மரங்களிலும் கம்பங்களிலும் உள்ள சில கூடுகளுக்கருகே கமராக்களைப் பொருத்தியிருக்கிறார்கள். அங்கே நடப்பதை அந்தக் கணமே இங்கே வீட்டுத் திண்ணையிலிருந்து கைத்தொலைபேசியிற் காணலாம். சித்திரை முதல் ஆவணி வரை பல இரவுகள் நாம் அவ்வாறு விழித்திருந்ததுண்டு. நமக்கு இரவு ஒன்பது மணி. அங்கே மாலை நாலரை. தாய் முட்டைகளின்மேல் அமர்ந்து மழையைத் தன் முதுகில் வாங்கும். தந்தை மீன் கொணரும். அதைத் தாய் நார் நாராகக் கிழித்துக் குஞ்சுகளுக்கு ஊட்டும்.

இவ்வாறு ஊரறியப் பார்க்கும் வழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பிரித்தானியாவில் முட்டை சேகரிப்போராலும் வேட்டையாடுவோராலும் இவ்வினம் 1916 அளவில் கூடுகட்டாது அற்றுப்போயிற்று. 1954 இல் ஒரு சோடி ஸ்கொட்லாந்தின் கார்ட்டன் ஏரிப் பகுதிக்குத் திரும்பி வந்தது. கூடு இருக்குமிடத்தை இரகசியமாக வைத்துக் காவல் காத்தனர். அப்படியிருந்தும் 1958 இல் ஒருவன் இருளில் மரமேறி முட்டைகளைக் கவர்ந்தான். மறு ஆண்டு, பறவைப் பாதுகாப்புச் சங்கத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் வாட்டர்ஸ்டன் முற்றிலும் புதியதொரு வழியை மேற்கொண்டார். கூட்டை மறைப்பதை விட்டு, தொலைநோக்கிகளை வைத்து, எல்லோரும் வந்து பாருங்கள் என்று அழைத்தார். அந்த 1959 ஆம் ஆண்டிலேயே ஏறத்தாழ 14,000 பேர் வந்து பார்த்தனர். மூன்று குஞ்சுகள் பறந்தன. ஆயிரம் கண்கள் பார்க்கும் கூட்டில் திருடன் கை வைக்க அஞ்சுவான். பார்வையே காவலாயிற்று. இன்றைய கமரா அந்தத் தொலைநோக்கியின் பேரப்பிள்ளையே.

ஆனால் இந்தக் காவல் எவ்வளவு தூரம் செல்லும்? 2012 ஆம் ஆண்டு ஆனி மாதம், வேல்ஸிலே டவி ஆற்றோரக் கூட்டைக் கடும் புயல் தாக்கிற்று. மூன்று குஞ்சுகளில் இரண்டு மடிந்தன. மூன்றாவதும் சோர்ந்து கிடந்ததைக் கமராவிற் கண்ட காவலர்கள், கூட்டுக்கு ஏறிச் சென்று தம் கையாலேயே அதற்கு மீனூட்டினர். அது பிழைத்தது. கெய்லன் என்று அதற்குப் பெயரிட்டனர். இப்பறவைக் குஞ்சுகளுக்கு வழிகாட்டுவார் எவருமில்லை. தாய் முன்னரே புறப்பட்டுவிடும். முன்பின் அறியாத ஆகாயத்தில் கெய்லன் தனியாகப் பறந்து, ஆபிரிக்காவின் செனகல் நாட்டை அடைந்தது. அதே ஆண்டில், அங்கே ஒரு மீன்வலையிற் சிக்கி இறந்தது.

புயலில் காத்த கண்கள் வலையில் காக்க இயலவில்லை. அங்கே கமரா இல்லை.

அன்று பகல் காக்காவின் வீட்டிலே விருந்துண்டு, அவர் ளுஹர் தொழுகை முடித்து வந்தபின், மீண்டும் குளக்கட்டுக்குச் சென்றோம். மணி மூன்று, ஸ்கொட்லாந்தில் காலை ஒன்பதரை. கைத்தொலைபேசியைத் திறந்து சிறுவனுக்கு அங்குள்ள கூடு ஒன்றைக் காட்டினோம். சுள்ளிகளின்மேல் வெண்பனி மூடியிருந்தது. பறவை எதுவும் இல்லை.

சிறுவன் படத்தையும் குளத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பட்டமரத்தில் நம் விருந்தாளி இறகு கோதிக்கொண்டிருந்தது.

“கூடு வெறுங்கூடாக் கிடக்கே சேர். அப்ப அது இஞ்சதானே நிக்கிது!”

அந்தக் கூட்டுப் பறவை ஆபிரிக்காவுக்குப் போயிருக்கும், நம்மிடம் வந்திருப்பது வட ஆசியப் பக்கத்துப் பறவை என்று அவனுக்கு விளக்கினோம். விளக்கும்போதே, பிள்ளை சொன்னதில் பெரியதோர் உண்மை இருப்பதை உணர்ந்தோம். அங்கே கூடு வெறுமையாய் இருக்கும் காலமெல்லாம் அதன் உயிர் வேறொரு நாட்டு நீர்நிலையின் பொறுப்பில் இருக்கிறது. இளம் பறவைகளோ முதற் குளிர்காலம் கழிந்தும் ஊர் திரும்பாமல், ஓராண்டுக்கு மேலாக அந்நிய நீர்நிலைகளிலேயே வளர்கின்றன.

அப்பொழுதுதான் தொலைநோக்கி வழியே ஒன்றைக் கண்டோம். பட்டமரத்தின் கீழ்க்கிளையில் நைலோன் வலையொன்று தொங்கி, பாதி நீரில் மிதந்தது. காலையிலும் அது அங்கேதான் இருந்திருக்கும்; நாம் பறவையை மட்டுமே பார்த்தோம். வேல்ஸ் நாட்டுக் குஞ்சின் பெயரை மனப்பாடம் செய்த நமக்கு, நம் மாவட்டத்துக் குளத்தில் தொங்கும் வலை கண்ணிற்படவில்லை. வெட்கமாயிருந்தது.

“என்ட கிழிஞ்ச வலைதான் சேர்,” என்றார் காக்கா. “நல்ல துண்ட வெட்டி மத்த வலையப் பொத்தலாம் எண்டு கொழுவி வெச்ச. புது வலை விக்கிற விலையில வேற என்ன செய்யிற?”

அதற்கு நாம் என்ன மறுமொழி கூற முடியும்? வலை அவருக்குச் சோறு. கெய்லனின் கதையை மட்டும் சொன்னோம். கையால் மீனூட்டிய இடத்தில் அவர் தலையசைத்தார். கதை முடிந்ததும் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு எழுந்து தோணியை அவிழ்த்தார். பறவை எழுந்து குளத்தின் மறுகரைக்குப் பறந்தது. சிறுவன் கிளையைப் பிடித்துக்கொள்ள, அவர் சிக்கலை ஒவ்வொன்றாக விடுவித்து வலையைச் சுருட்டித் தோணிக்குள் போட்டார்.

“வெட்டிப் பொத்துறத வீட்டில வெச்சும் செய்யலாம்,” என்றார் கரையேறியதும். “மிச்சம் கோழிக்கூட்டுக்கு ஆகும்.”

நாம் புறப்பட்ட வேளையில் வெயில் சாய்ந்திருந்தது. விருந்தாளி திரும்பி வந்து அதே பட்டமரத்தில் அமர்ந்தது. மாசி, பங்குனியில் அது வடக்கே புறப்பட்டுவிடும். அதன் கூட்டை நாம் காணப்போவதில்லை; அங்கே அதை வரவேற்பவர்கள் இந்தக் குளத்தையும் காணப்போவதில்லை. சிறுவன் மட்டும் தொலைநோக்கியைத் திருப்பித் தர மனமின்றிக் குளக்கட்டில் நின்றான். அடுத்த மாரி வரை அதை அவனிடமே விட்டு வந்தோம்.