இரண்டு வீதிக்கு ஒரு ரயர்

தமிழ்ச் சங்க மலரில் ரயரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் நண்பர்கள் நகைத்தனர். புளியந்தீவிற் பிறந்தவன் வாவியைப் பற்றி எழுதலாம். பாடும் மீனைப் பற்றி எழுதலாம். கோட்டையைப் பற்றியேனும் எழுதலாம். ரயரில் என்ன இருக்கிறது என்பது அவர்கள் வினா. பாடும் மீனைப் பற்றி எழுதியோர் பலர் என்பது என் முதற் சமாதானம். மற்றையது, சென்ற மார்கழியில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாதிருக்க என் மனம் இடந்தரவில்லை என்பது.

என் பெரியம்மாவின் மகன் கல்லடியில் ஒரு சிறு கராச் வைத்திருக்கிறார். அவரிடம் 1980களின் தொடக்கத்தில் யப்பானிற் செய்யப்பட்ட ரொயோட்டா செலிக்கா ஒன்று உண்டு. இரண்டு கதவு, நீண்ட மூக்கு, பின்சில்லுகளை இயந்திரம் சுழற்றும் பழைய அமைப்பு. எவரோ தோட்டத்து மூலையில் கைவிட்டிருந்ததை வாங்கி, நான்கு ஆண்டுகள் பாடுபட்டு உயிர்ப்பித்தார். களுத்துறைக்கு அருகிலுள்ள கட்டுக்குருந்தை விமான ஓடுதளத்தில் ஒருமுறை நாங்கள் பார்வையாளராகச் சென்று பந்தயம் கண்டோம். அன்று தொடங்கியது அவருடைய ஆசை. வளைவு நெளிவு இல்லாத நேர்ப்பாதையில் நின்ற நிலையிலிருந்து பாய்ந்து, யார் முந்துகிறார் என்று பார்க்கும் பந்தயம் அவருக்குப் பிடித்தது. கால் மைல், அதாவது 402 மீற்றர், அதன் வழமையான தூரம். புறப்படுமுன் ஓட்டுநர் பின்சில்லுகளை நின்ற இடத்திலேயே சுழற்றிப் புகை எழுப்புவதை வீண் ஆரவாரம் என்றே நான் எண்ணினேன். அண்ணன் திருத்தினார். சூடேறிய இறப்பர் பசைபோல இளகித் தரையைப் பற்றும். குளிர்ந்த இறப்பர் வழுக்கும்.

பந்தயத்துக்கென ஒரு காரும் வீட்டுக்கென ஒரு காரும் வைத்திருப்பவருக்கு இதிற் சிக்கல் இல்லை. எங்கள் அண்ணனுக்கோ இருப்பது அந்த ஒன்றுதான். பெரியம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டு செல்வதும் அது. வந்தாறுமூலை வளாகத்துக்கு இடையிடையே என்னை ஏற்றிச் செல்வதும் அது. முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடிக் கட்டுக்குருந்தைக்குச் சென்று, பந்தயம் ஓடி, திரும்பி வரவேண்டியதும் அதே கார். ஆகவே இரண்டுக்கும் பொருந்தும் ரயர் வேண்டும் என்றார். 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, ரயர் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்த காலந்தொட்டு நல்ல ரயரின் விலை எங்கள் எட்டுக்கு அப்பாலேயே நின்றது. 1876இல் கியூ தோட்டத்தின் வழியாக ஹெனரத்கொடைக்கு வந்திறங்கிய இறப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்கள் நிறைந்த நாடு இது. நாங்களோ ஒரு சோடி ரயருக்காகக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினோம்.

அங்கேதான் என் பங்கு வருகிறது. அதிகம் தேயாத ஒரு சோடி பந்தய ரயர் கிடைத்தது. அதன் பக்கச்சுவரில் ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் நிறைந்திருந்தன. "தம்பி, இதில என்ன எழுதிக் கிடக்கு? வாசிச்சுச் சொல்லு" என்றார் அண்ணன். பல்கலைக்கழகத்தான் அல்லவா நான்? வாசித்தேன். கடைசி நான்கு இலக்கங்களில் முதலிரண்டு உற்பத்தி வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிப்பன என்று சொன்னேன், அது சரி. தேய்மானக் குறியீடு 50 என்றிருந்தது. சாதாரண வீதி ரயர்களில் அது முந்நூறு, நானூறு என்றிருக்கும். எண் குறையக் குறைய இறப்பர் மென்மையானது, விரைவில் தேயும் என்றேன். அதுவும் பெரும்பாலும் சரி. பின்னர் அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களத்தின் முத்திரை எழுத்துகள் மூன்றைக் கண்டேன். "வீதியில் ஓட அனுமதி உண்டு, அண்ணன். பின்னுக்கு இந்த இரண்டையும் போட்டால் இரண்டு வேலைக்கும் போதும்" என்று தீர்ப்பு வழங்கினேன். சட்டம் அனுமதிப்பது ஒன்று. மழையில் நனைந்த கல்லடி வீதி அனுமதிப்பது வேறொன்று. அந்த வேறுபாடு என் அறிவுக்கு அன்று எட்டவில்லை.

ரயரின் முகத்திலுள்ள தவாளிப்புகள் அழகுக்காக வெட்டப்பட்டவை என்று நினைப்பவர் இன்றும் உளர். உலர்ந்த தரையில் அவை பெரிதும் தேவையில்லை. இறப்பர் எவ்வளவு அதிகம் தரையிற் படிகிறதோ அவ்வளவு பிடி. ஆதலின் பந்தய ரயரில் அவை மிகச் சில. நீர் நிற்கும் வீதியிலோ அவை வாய்க்கால்கள். ரயருக்கு அடியில் அகப்பட்ட நீர் அவற்றின் வழியே வெளியேறாவிடில் சில்லு நீரின்மேல் ஏறி மிதக்கும். மட்டக்களப்பில் வடகீழ்ப் பருவக்காற்று எப்படிப் பொழியும் என்பதை இங்கு வாழ்வோருக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை.

மார்கழியில் ஓரிரவு. பரீட்சைக்குப் படிப்பதற்காகக் கல்லடியிலே தங்கியிருந்தேன். பெரியம்மாவுக்குத் தொய்வு முற்றிவிட்டது. மூச்சு விடமுடியாமல் அவர் தவிக்க, பின்னிருக்கையில் அவரைத் தாங்கியபடி நான் அமர்ந்தேன். அன்று மாலைதான் அண்ணன் பின்சில்லுகளின் காற்றைச் சதுர அங்குலத்துக்கு 16 இறாத்தலாகக் குறைத்து, ரயர் எப்படித் தட்டையாகித் தரையிற் படிகிறதென்று பரிசோதித்திருந்தார். பந்தயத்துக்கு அப்படிக் குறைப்பது வழக்கம். மீண்டும் அடிப்பதற்கு மறந்துவிட்டார், எனக்கும் நினைவில்லை. பாலத்தை அணுகுகையில் வேகமுள் எழுபதைத் தாண்டியிருந்ததைக் கண்டேன். வீதியின் ஓரத்திலிருந்து நடுவரை நீர் பரந்து கிடந்தது. முன்சில்லுகளில் இருந்தவை சாதாரண ரயர்கள். அவை பிடியை விடவில்லை. பின்பக்கம் மாத்திரம் விலகியது. ஓசையே இல்லை. வெளிச்சங்கள் ஒருமுறை சுழன்றன. கார் வந்த திசையை நோக்கி நின்றது. பின்மூலை கட்டில் மோதி நசுங்கியிருந்தது.

"என்ன மனே, பாலம் கடந்திட்டமா?" என்று கேட்டார் பெரியம்மா.

பின்னால் வந்த ஓட்டோவில் அவரை ஏற்றினோம். எங்களைத் தூக்கி எறிந்த அதே நீரை அந்த மூன்று சிறு சில்லுகளும் மெதுவாகக் கடந்து சென்றன. ஒரு மணித்தியாலத்தின் பின்னர் பெரியம்மா மூச்சுக் குழாயுடன் அமைதியாக உறங்கினார். அண்ணன் விறாந்தையில் நின்று, "நான்தான் கண்டபடி ஓடிப்போட்டன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் வாய் திறக்கவில்லை.

அந்த மௌனம் பல நாள் உறுத்தியது. இதன் காரணம் என்னவென்று தேடிப் படித்தபோது, அமெரிக்காவின் நாசா நிறுவன ஆய்வாளர் இருவர் 1963ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வைப் பற்றி அறிந்தேன். விமானச் சில்லுகள் நீரில் மிதக்கும் வேகத்தை அவர்கள் ஆராய்ந்தவர்கள். காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35ஆற் பெருக்கினால் மிதக்கத் தொடங்கும் வேகம் மைல்களில் ஏறத்தாழக் கிடைக்கும். நீரை வெளியேற்ற இயலாத ரயருக்கே இது பொருந்தும், எங்களுடையது அத்தகையதே. கலைப்பீடத்தானுக்கும் இந்த வர்க்கமூலம் எளிது. 36 இறாத்தலுக்கு ஆறு. மணிக்கு 62 மைல், அதாவது 100 கிலோமீற்றர். 16 இறாத்தலுக்கு நான்கு. 41 மைல், 67 கிலோமீற்றர். கட்டுக்குருந்தையில் பிடியைக் கூட்டும் அதே காற்றுக் குறைப்பு, கல்லடியில் எங்களை முப்பத்து மூன்று கிலோமீற்றர் முன்னதாகவே மிதக்க விட்டிருந்தது.

தாளை எடுத்துச் சென்று அண்ணனிடம் காட்டினேன். ரயரைத் தெரிந்தவன் நான் என்பதையும், முத்திரையின் பொருளைப் பிழையாகச் சொன்னவன் நான் என்பதையும் சொன்னேன். அவர் நெடுநேரம் கணக்கையே பார்த்திருந்தார். "பதினாறுக்கு எவ்வளவு எண்டாய்?" என்று கேட்டு, சுண்ணக்கட்டியால் கராச் சுவரில் 67 என்று எழுதினார். என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

இரண்டு வேலைக்கும் ஒரே ரயர் என்ற எண்ணம் அத்தோடு போயிற்று. இரவல் பணத்தில் நான்கு சாதாரண ரயர்கள் வாங்கினோம். நான்கும் ஒரே இனம், முன்னுக்கொன்று பின்னுக்கொன்று என்ற பேதமில்லை. மென்மையான அந்தச் சோடியை வேறு இரண்டு இரும்பு வளையங்களிற் பூட்டி, வெயில் படாமல் சாக்கினால் மூடி வைத்திருக்கிறார். பந்தயத்துக்குப் போனால் அவை பின்னிருக்கையிற் பயணஞ்செய்யும். களத்தில் மாற்றிப் பூட்டி, ஓடி முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். பழகிப் பார்த்தோம். யாக்கி வைத்து இரண்டு சில்லையும் மாற்ற எங்களுக்கு இருபத்திரண்டு நிமிடம் சென்றது. அவர் சுரைகளை இறுக்கினார். காற்றழுத்தத்தை அளந்து சுவரில் எழுதுவது என் வேலை.

பெரியம்மா இன்னமும் அந்தக் காரில் ஏறமாட்டேன் என்கிறார். கிளினிக்குக்கு ஓட்டோவிலேயே போய் வருகிறார்.