நெருப்புக்கோழிக்கு என்ன தீனி?

வடமதுரை, வேடசந்தூர்ப் பக்கத்தில் நெருப்புக்கோழி வளர்த்தால் கட்டுமா என்று அவ்வப்போது யாராவது கேட்கிறார்கள். ஈமுவில் கையைச் சுட்டுக்கொண்ட பிறகும்.

*

பறவைதான், ஆனால் வயிறு குதிரையுடையது. குடலின் நீளத்தில் பாதிக்கு மேல் பெருங்குடல். தின்றது ஒன்றரை நாளுக்குக் குறையாமல் உள்ளே தங்குகிறது. அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்து அமிலங்களாக்க, பறவை அவற்றை உறிஞ்சிக்கொள்கிறது. வளரும் நெருப்புக்கோழிக்குக் கிடைக்கும் சக்தியில் பாதிக்கு மேல் இப்படி வரலாம் என்று 1990-களில் தென்னாப்பிரிக்காவில் அளந்தார்கள். நாமக்கல் முட்டைக்கோழிக்கு இது பெரிதாக நடக்காது. குடலும் குட்டை, தீனி தங்கும் நேரமும் குறைவு.

*

அதே தென்னாப்பிரிக்காவில் சிலியர்ஸ் என்பவரின் குழு ஒரே தீனியைச் சேவலுக்கும் நெருப்புக்கோழிக்கும் போட்டுப் பார்த்தது. மக்காச்சோளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை: கிலோவுக்குச் சேவல் சுமார் 14 மெகாஜூல் எடுத்தது, நெருப்புக்கோழி 15. காய்ந்த குதிரைமசாலில்தான் சங்கதி. சேவலுக்கு 4, இதற்கு ஏறக்குறைய 9.

கோழிப்பண்ணை அட்டவணையை வைத்துக் கணக்குப் போடுகிறவர் தழையின் மதிப்பைப் பாதிக்கும் கீழே எழுதிவிடுவார். ஈடுகட்ட மூட்டைத் தீவனத்தை அள்ளிப்போடுவார். பறவை அதையெல்லாம் வயிற்றுக் கொழுப்பாகச் சேர்த்துவைக்கும்.

*

குஞ்சு வேறு கதை. 3 வாரக் குஞ்சு நாரில் நூற்றுக்கு 7 பங்குகூடச் செரிக்காது. 10 வாரத்தில் பாதியைச் செரித்துவிடும். அதுவரை கோழிக்குஞ்சைப் போலத்தான், நல்ல அடர்தீவனம் வேண்டும். அந்த வயதில் நீளத் தட்டையைப் போட்டால் இரைப்பையில் அடைத்துக்கொண்டு சாகும். மணல், கல், ஆணி, எது கிடைத்தாலும் விழுங்கும். வடமதுரை, வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைக் கழிவுநூல் காற்றில் பறக்கிற இடத்தில் கொட்டகை போடுவதை நினைக்கவே பயமாக இருக்கிறது.

*

புரதத்தில் மாட்டோடு ஒப்பிடக் கூடாது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் நுண்ணுயிர்க் கூடம் முன்னால், அசைபோடும் வயிற்றில். அங்கே பெருகிய நுண்ணுயிர்களையே பிறகு சிறுகுடலில் செரித்துப் புரதமாக எடுத்துக்கொள்கின்றன. அதனால் சோளத்தட்டையிலும் வெள்வேல் நெற்றிலும் வெள்ளாடு காலம் தள்ளுகிறது. நெருப்புக்கோழிக்கு அந்தக் கூடம் சிறுகுடலுக்குப் பின்னால். சக்தி கிடைக்கும், நுண்ணுயிர்ப் புரதம் பெரும்பாலும் எச்சத்தோடு போய்விடும். ஆகவே புண்ணாக்குக்குக் காசு எடுத்துவைத்தே ஆக வேண்டும். “தழை தின்னும், செலவே இல்லை” என்று யாராவது சொன்னால் பாதிதான் உண்மை.

*

ஈமு இன்னொரு ரகம். தீனி ஐந்தாறு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். ஆனால் இங்கே ஈமு கவிழ்ந்தது அதனால் அல்ல. 2012-இல் பெருந்துறை சுசி ஈமு நிறுவனம் சரிந்தபோது, தீவனம் நிறுவனத்திடமிருந்தே வந்துகொண்டிருந்ததால், அது நின்றதும் வளர்த்தவர்களின் கொட்டகைகளில் பறவைகள் பட்டினி. கடைசியில் அரசு தலையிட்டுத் தீனி போட வேண்டிவந்தது. குஞ்சு விற்கத்தான் ஆள் இருந்தது. கறி வாங்க ஆள் இல்லாத வியாபாரம். தீனிக் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் அதைத் தாங்கியிருக்காது.

*

வளர்ந்த நெருப்புக்கோழி நாளுக்கு 2 கிலோவுக்கு மேல் தின்னும். அந்தத் தீனியில் இரண்டு வெள்ளாடு வளரும். அய்யலூர் வியாழச் சந்தையில் அவற்றுக்கு அன்றே விலை. முதல் மாதங்களில் நெருப்புக்கோழிக்கு இரண்டு கிலோ தீனிக்கு ஒரு கிலோ எடை ஏறும். ஒரு வயதை நெருங்கும்போது பத்துக்கு ஒன்று. தாமதமாக விற்கிறவர் நஷ்டத்தைத் தீனியாகப் போடுகிறார்.

*

குதிரைமசாலுக்குத் தண்ணீர் வேண்டும். கிணறு வற்றிய ஊரில் அடுத்து கை போவது சூபாபுலுக்கு. அதிலுள்ள மைமோசின் என்ற நச்சை ஆட்டின் முன்வயிற்று நுண்ணுயிர்கள் உடைத்துவிடும். குதிரைக்கு அது நுண்ணுயிர்களிடம் போய்ச் சேருமுன்பே ரத்தத்தில் கலந்து பிடரிமயிர் கொட்டும். நெருப்புக்கோழியின் குடலும் குதிரையின் வரிசைதான். வேலிமசாலில் அந்த வில்லங்கம் இல்லை. போடுவதானால் அதைச் சிறிதாக நறுக்கிப் போடலாம்.