நோவும் நோயும்

மலையகத் தோட்டங்களில் இடுப்பு வலியை எவரும் நோயென்று சொல்வதில்லை. அது வேலையோடு வந்த ஒன்று. நுவரெலியா, அட்டன் பகுதிகளின் செங்குத்தான மலைகளில், தலையில் கயிறு மாட்டி முதுகிலே கூடை சுமந்து நாள் முழுவதும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு, முதுகும் காலும் நோகாதிருந்தாற்றான் வியப்பு. இரவில் தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாட் காலையில் அவள் மீண்டும் மலையேறுகிறாள். ஏறாவிட்டால் அன்றைய பேர் இல்லை. நிறை குறைந்தால் அரைப்பேர்தான்.

இவ்வலிகளுட் பெரும்பாலானவை உழைப்பினால் வந்தவையே; ஓய்வினால் தணிபவையே. ஆயினும் எல்லோரும் காரணம் அறிந்த வலி, காரணம் அறியப்படாத வலிக்கு நல்ல மறைவிடமாகிவிடுகிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் முற்றும்போது இடுப்புக்கூட்டின் பக்கச்சுவர்வரை பரவி, காலுக்குச் செல்லும் நரம்புகளை அழுத்தக்கூடும். அப்போது ஒரு கால் மட்டும் நோகும். சில வேளைகளில் வீங்கும். மார்பகம், நுரையீரல், ஆண்களின் முன்னிற்கும் சுரப்பி ஆகியவற்றில் எழும் புற்றுநோய்கள் முள்ளந்தண்டைச் சென்றடைவதுண்டு. மூலநோயை எவரும் அறியாதிருக்க, முதுகுவலியே முதற்செய்தியாக வருவதும் உண்டு.

இரண்டையும் பிரித்தறிய வழி இல்லாமலில்லை. வேலை தந்த வலி குனிந்தாற் கூடும், படுத்தாற் குறையும். மற்றையதோ படுத்த பின்னும் விடாது, உறக்கத்தைக் கலைக்கும், வாரந்தோறும் வளரும். அதனோடு காரணமற்ற மெலிவு, மார்பிற் கட்டி, மாதவிடாய் நின்றபின் குருதிப்போக்கு ஆகியவற்றுள் ஒன்று சேருமாயின் வைத்தியரை நாடவேண்டும். இவை காசநோய் போன்ற பிறவற்றாலும் நேரலாம். ஆதலின் அஞ்சுவதிலும் ஆராய்வதே தக்கது. கால்கள் வலுவிழந்தாலோ, சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டை மீறினாலோ ஒரு நாளும் தாமதித்தலாகாது. முண்ணாண் நெடுநேரம் நசுங்கிக் கிடந்தால் இழந்த நடை மீள்வதரிது.

தடுக்கும் வழிகளும் நாட்டில் உள்ளன. கருப்பைக் கழுத்துப் பரிசோதனை செய்யும் சுகநலப் பெண்கள் சிகிச்சை நிலையங்கள் 1996இல் தொடங்கப்பட்டன. அந்நோய்க்கு ஏதுவான வைரசுக்கெதிரான தடுப்பூசி 2017 முதல் பாடசாலை மாணவிகளுக்கு ஏற்றப்படுகிறது. எனினும் பரிசோதனைக்குச் செல்லும் அரைநாள் கூலியை இழப்பிப்பதாயின், வசதி இருந்தும் எட்டாததாகிறது. பின்னர் அவளே கண்டிக்கோ மகரகமைக்கோ பயணப்பட நேரும்போது, இழப்பு அரைநாளோடு நிற்பதில்லை.

தோட்டத்து மருந்துச்சாலையில் வலிமாத்திரை கொடுக்குமுன் ஒரு வினா எழ வேண்டும்: “இரவில் இந்த வலி எப்படி இருக்கிறது?” இதற்குக் கருவியும் வேண்டா, பொருளும் வேண்டா. வலியைச் சொல்பவளின் மறுமொழியைக் கேட்கும் பொறுமை ஒன்றே வேண்டுவது.