ரயில் முடியும் இடத்தில் ஒரு போர்முனை

ராமேஸ்வரம்–ஓகா எக்ஸ்பிரஸின் பலகையில் படித்திருப்பீர்கள். குஜராத்தின் மேற்குக் கோடியில் தண்டவாளம் முடிந்து கடல் தொடங்கும் ஊர்தான் ஓகா. இறங்குகிறவர்களில் பலர் எதிரே தெரியும் பேட் துவாரகைத் தீவுக்குப் போகும் பக்தர்கள். 2024 பிப்ரவரியில் சுதர்சன் பாலம் திறக்கப்பட்ட பிறகு படகுக்குக் காத்திருக்கும் வேலையும் இல்லை. ஊரில் நிற்காமலே போய்விடலாம்.

நின்று பார்க்கக் காரணம் உண்டு. இங்கிருந்து கராச்சி கடல் வழியே சுமார் 340 கி.மீ.தான். அந்த நெருக்கமே இந்தச் சிற்றூரைப் போருக்குள் இழுத்தது.

1965 செப்டம்பர் 7 இரவு பாகிஸ்தான் போர்க்கப்பல்கள் பக்கத்து ஊரான துவாரகையைச் சுட்டன. அப்போது ஐ.என்.எஸ். தல்வார் இயந்திரக் கோளாறோடு ஓகாவில் நின்றிருந்தது. பதிலுக்குக் கிளம்பவில்லை. கடற்படைக்கு அது ஆறாத வடு.

1971-ல் நிலைமை வேறு. சோவியத் யூனியனிலிருந்து வாங்கிய ஓசா ரக ஏவுகணைப் படகுகள் வந்திருந்தன. வேகமானவை, ஆனால் கரையோரக் காவலுக்காகக் கட்டப்பட்டவை. பம்பாயிலிருந்து கராச்சிவரை போய்த் திரும்ப அவற்றின் எரிபொருள் போதாது. ஓகாவில் எண்ணெய் நிரப்பினால் முடியும். பாகிஸ்தான் விமானங்களுக்கு இருட்டில் கப்பல்களைத் தாக்கும் திறன் இல்லை என்பதால் இரவு தேர்ந்தெடுக்கப்பட்டது.

டிசம்பர் 4 இரவு, ஓகாவில் திரண்ட அணியின் நிபாட், நிர்காட், வீர் ஆகிய மூன்று படகுகளும் கராச்சிக்கு வெளியே ஏவுகணைகளை வீசின. கைபர் என்ற நாசகாரிக் கப்பலும் முஹாஃபிஸ் என்ற கண்ணிவெடி அகற்றும் கப்பலும் மூழ்கின. இந்தியத் தரப்பில் உயிர்ச்சேதம் இல்லை.

பதிலடி ஓகாவின் மேல் விழுந்தது. எண்ணெய்க் கிடங்கு, வெடிமருந்துக் கிடங்கு, படகுத்துறை மூன்றும் குண்டுவீச்சுக்கு இலக்காயின. இதை எதிர்பார்த்த கடற்படை, படகுகளை முன்பே வேறிடங்களுக்கு அனுப்பியிருந்தது. ஊரை அப்படி அனுப்ப வழியில்லை. எண்ணெய் எரிந்துபோனதால் கராச்சி மீதான அடுத்த தாக்குதல் டிசம்பர் 8 இரவுவரை தள்ளிப்போனது.

அந்த வெற்றியின் நினைவாகத்தான் டிசம்பர் 4 கடற்படை தினம். அதன் பெரிய விழா 2022-ல் விசாகப்பட்டினத்திலும், 2023-ல் சிந்துதுர்கிலும், 2024-ல் புரியிலும் நடந்தது. குண்டு வாங்கிய ஊரில் ஐ.என்.எஸ். துவாரகா என்ற தளம் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி மீன் வாடையோடு விசைப்படகுகள் நிற்கின்றன. தீவுக்குப் போகிறவர்கள் பாலம் ஏறுமுன் இந்தக் கரையில் பத்து நிமிடம் நிற்கலாம். அந்த மரியாதை ஓகாவுக்கு உரியது.