பலா மரக் குழாய்

மாசி 4, சின்னமனூர்

சித்தப்பா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது ரேடியோ செட் சாமான்கள் கிடைத்தன. இரண்டு அலுமினியக் குழாய் ஸ்பீக்கர்கள், இசைத்தட்டுப் பெட்டி, ஒயர்ச் சுருள். கல்யாணம், காதுகுத்து, சாமி கும்பிடு என்று கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கக் குழாய் கட்டியவர் அவர்.

"அப்ப ஆம்ப்ளிஃபயர் இத்துணூண்டுதான்யா. ஆனா தென்னை மரத்துல குழாயை ஏத்துனா அடுத்த ஊரு வயக்காட்டு வரைக்கும் கேக்கும்" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு அறிவியல் இருக்கிறது. சாதாரணப் பெட்டி ஸ்பீக்கர், வாங்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கைத்தான் ஒலியாக மாற்றுகிறது; மிச்சம் சூடாகிப் போகிறது. குழாயின் ஒடுங்கிய கழுத்திலோ காற்று நழுவ இடமில்லை. ஸ்பீக்கரின் அதிரும் தகடான டயாப்ரத்தின் தள்ளு முழுவதும் அதன்மேல் ஏறுகிறது. மெல்ல விரியும் குழாய் அந்த அழுத்தத்தை வெளிக்காற்றில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சிறிய ஆம்ப்ளிஃபயருக்கு ஊரே கேட்டது இதனால்தான்.

அந்தக் குழாயை மரத்தில் செய்து வீட்டுக்குள் வைத்துக் கேட்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். தாழ்ந்த ஒலிக்குப் பெட்டியில் ஒரு ஊஃபர், மேல் ஒலிக்குக் குழாயில் ஒரு யூனிட்.

மாசி 12

கணக்குப் போட்டேன். 500 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் குழாய் என்றால் ஒவ்வொரு 3.8 செ.மீ.க்கும் அதன் குறுக்குவெட்டுப் பரப்பு இரட்டிப்பாக வேண்டும். மதுரையில் வாங்கிய யூனிட்டின் கழுத்து ஒரு அங்குலம், அதாவது 2.5 செ.மீ. பலகை 1.9 செ.மீ. கனம். இரண்டு பலகைக்கு ஒருமுறை பரப்பு இரட்டிப்பு என்றால், நான்கு பலகைக்கு ஒருமுறை விட்டம் இரட்டிப்பு. 2.5, 5, 10, 20. பன்னிரண்டு பலகையில் குழாய் முடிந்துவிடுகிறது. நீளம் 22.8 செ.மீ. கணக்கு இவ்வளவு அழகாக வந்து நின்றதைப் பார்த்து ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

மாசி 27

ஆசாரி அண்ணன் இடிந்த வீட்டின் பலாக் கதவுப் பலகைகளை எடுத்து வைத்திருந்தார். "சுருங்குறதெல்லாம் எப்பவோ சுருங்கிருச்சு தம்பி. இனி அசையாது" என்றார். மிருதங்கத்தின் கட்டையும் பலாதான்.

கவராயத்தால் வட்டம் போட்டு, அறுத்து, பசை தடவி அடுக்கினோம். உள்ளே படிப்படியாக இருந்த விளிம்புகளை அவர் அரத்தால் ராவினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரலை உள்ளே விட்டுத் தடவினார். ஏழாவது பலகையில் விரல் நின்றது. "இங்க ஒரு மேடு இருக்கு" என்று மறுபடியும் உப்புத்தாளை எடுத்தார். என் கண்ணுக்கு அந்த மேடு தெரியவே இல்லை. முடிந்ததும் தூக்கிப் பார்த்து, "நாயனத்து அனசு மாதிரியே இருக்குப்பா" என்றார். உண்மைதான். மரக் குழாய் நமக்குப் புதிதில்லை.

பங்குனி 9

ஊஃபர் பெட்டிக்குள் அடைக்கப் போடியிலிருந்து இலவம் பஞ்சு வாங்கி வந்தேன். தலையணைக்குப் போவது, பெட்டிக்குள் எதிரொலியைக் குடிக்கிறது.

தாழ்ந்த ஒலியையும் மேல் ஒலியையும் பிரிக்கும் கிராஸ்ஓவர் 2000 ஹெர்ட்ஸில். எட்டு ஓம் யூனிட்டுக்கு 10 மைக்ரோஃபாரட் கண்டென்சர், ஊஃபருக்கு 0.64 மில்லிஹென்றி காயில். காயிலை, பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையிலேயே சுற்றித் தந்தார்கள்.

முதல் முறை பாட்டுப் போட்டதும் காதைப் பிடித்துக்கொண்டேன். யூனிட், ஊஃபரைவிடப் பத்து டெசிபெல் அதிகமாகக் கத்துகிறது. 5.6 ஓம் ரெசிஸ்டரை வரிசையிலும் 3.9 ஓம் ரெசிஸ்டரை யூனிட்டுக்கு இணையாகவும் போட்டதும் அடங்கியது.

பங்குனி 21

சத்தம் சமமாகிவிட்டது, ஆனாலும் தவில் அடி மழுங்கிக் கேட்கிறது. யூனிட் குழாயின் பின்முனையில், ஊஃபருக்கு ஒரு சாணுக்கு மேல் பின்னால் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடக்க மேல் ஒலிக்கு ஒரு நொடியில் ஆயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது. 1930களில் எம்.ஜி.எம். ஸ்டுடியோவில் டக்ளஸ் ஷியரர் குழுவினர் திரையரங்குகளுக்கு இருவழி ஸ்பீக்கர் செய்ததும் இதே கவலையில்தான். அப்போதிருந்த ஸ்பீக்கர்களில் தாழ்ந்த ஒலிக் குழாய் மிக நீளம். அதனால் நடனக் காட்சியில் ஒவ்வொரு காலடியும் இரண்டாகக் கேட்டது.

குழாயைப் பெட்டியின் மேல் முன்னால் தள்ளி, யூனிட், ஊஃபர் இரண்டின் வாய்ஸ் காயிலும் ஒரே நேர்கோட்டில் வரும்படி வைத்தேன். குழாய் வாய் திண்ணைபோல் முன்னே நீண்டிருக்கிறது. தவில் தெறித்தது.

சித்திரை 3

சித்தப்பாவை உட்காரவைத்து, பக்கத்துப் பண்ணைப்புரத்துக்காரரான இளையராஜாவின் 1986 ஆம் ஆண்டு இசைத்தொகுப்பு 'ஹவ் டு நேம் இட்'டைப் போட்டேன். வி.எஸ். நரசிம்மனின் வயலினில் வில் நரம்பைத் தொடும் உரசல் கேட்டது. ஆம்ப்ளிஃபயர் இரண்டு மூன்று வாட்டுக்கு மேல் தரவில்லை. பாட்டு முடிந்த பிறகும் சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இம்புட்டு சன்னமா வச்சே இவ்வளவும் கேக்குதேப்பா" என்றார்.

வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா நெருங்குகிறது. இனி ஊரெல்லாம் குழாய் கட்டுவார்கள். 2000 ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல் என்று வரம்பும் வைத்திருக்கின்றன. சிசுக்களும் நோயாளிகளும் தூங்க முடியாமல் தவிப்பதற்குக் குழாயைக் குறை சொல்கிறோம். குறைந்த சக்தியில் தெளிவாகக் கேட்கச் செய்வதுதான் குழாயின் வேலை. அதைத் தாங்க முடியாத அளவுக்கு முறுக்குவது நம் கை.

ரேடியோ செட் வைத்திருக்கும் தம்பிகளுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: இந்தத் திருவிழாவில் வால்யூமைப் பாதியாகக் குறைத்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள். செய்து பார்க்க விரும்புவோருக்குக் குழாய், கிராஸ்ஓவர் அளவுகள் மேலேயே இருக்கின்றன.