முதுமைக்கு ஏற்ற ஊர்

உழைத்து ஓய்ந்தார் தம் இறுதி நாட்களைக் கழித்தற்கு ஏற்ற ஊர் யாது என்னும் வினா, சென்ற கோடை விடுமுறையில் எம் இல்லத்தே எழுந்தது. ஆசிரியப் பணியினின்றும் ஓய்வு பெற்ற எம் பாட்டனார், மதுரை வீட்டை விற்றுக் கோடைக்கானலிற் குடியேற விரும்பினார். பாட்டியார் வாய் திறந்திலர். யாமோ பாட்டனார் பக்கமே பேசினோம். மூவருமாக ஊரைக் கண்டுவர மலையேறினோம்.

பாட்டனார் விருப்பம் பழுதன்று. கோடைக்கானல் உடல்நலம் நாடினோரால் அமைந்த ஊர். சமவெளியின் வெம்மையும் காய்ச்சலும் வருத்தவே, மதுரை அமெரிக்க மிஷன் ஊழியர் 1845-ஆம் ஆண்டில் பழனிமலைமீது, ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், முதல் இரு வீடுகளைக் கட்டினர். மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு துரை 1863-இல் ஓடைநீரைத் தடுத்து ஏரியைச் சமைத்தார். பதவியினின்றும் நீங்கியபின் அம்மலையிலேயே வாழ்ந்தார். ஓய்வு பெற்றார்க்கு இதனினும் சிறந்த முன்மாதிரி உண்டோவென்று பாட்டனார் வழிநெடுகக் கூறிவந்தார்.

மதுரை வீட்டை விற்ற பணம் அங்கே ஒரு வீட்டுக்குப் போதாது என்பது முதல்நாளே தெளிவாயிற்று. ஆகவே வாடகை வீடு தேடினோம். ஏரிக்கு அணித்தாக ஒன்று கிடைத்தது. வாடகையும் ஓய்வூதியத்துள் அடங்குவதே. ஆயின் வீட்டுக்காரர், “ஏப்ரல், மே மாதங்களில் காலி செய்து தரவேண்டும், அப்பொழுது நாள் வாடகைக்கு விடுவோம்” என்றார். எம்மாதங்களின் வெம்மைக்கு அஞ்சி மலையேற நினைத்தோமோ, அம்மாதங்களிலேயே இறங்க வேண்டுமாம்!

மறுநாள் மருந்துக்கடையினின்று திரும்புங்கால், மேட்டிலே பாட்டியார் மும்முறை அமர்ந்தார். மூன்றாம் முறை பாட்டனாரை நோக்கி, “காற்று நல்லதுதான். இரவில் உங்களுக்கு நெஞ்சு வலித்தால் யார் கதவை நான் தட்டுவேன்? மதுரையிலே, இருமல் கேட்டாலே அடுத்த வீட்டு அக்காள் வந்து நிற்பாளே” என்றார்.

இறங்கும் வழியில் ஊர்திகள் நெருங்கி நின்றன. கூட்டத்தைக் கட்டுப்படுத்த 2024 மே மாதத்தில் வெளியூர் வண்டிகட்கு அனுமதிச்சீட்டு முறை வந்தது; ஆயினும் நெடுநேரம் அசைவின்றிக் கிடந்தோம். நோயாளியை ஏற்றிய வண்டியொன்று எம் பின்னே கூவிக்கொண்டிருந்தது. மதுரையோ 120 கிலோமீட்டர்த் தொலைவு. பாட்டனார் கண்களை மூடிக்கொண்டார்.

வள்ளுவனார் நாட்டுக்கு அணியென ஐந்து கூறுங்கால், பிணியின்மையை முதலிலும், ஏமத்தை இறுதியிலும் வைத்தார். குளிர்காற்று முன்னதைத் தரக்கூடும். மருத்துவமனையும், நடக்கத்தக்க தெருவும், நிலைத்த வாடகையும், அழைத்தால் வரும் அயலாருமே முதியோர்க்குப் பின்னதைத் தருவன.

ஒன்று ஒப்புக்கொள்ளல் வேண்டும். யாம் பாட்டனார்க்குத் துணை நின்றது அவர் நலங்கருதியன்று. ஆண்டுதோறும் எம் விடுமுறையைக் குளிர்ந்த மலையிற் கழிக்கும் ஆசையாலேயே. பாட்டியாரின் முழங்கால் அப்போது எம் நினைவில் வரவேயில்லை. மதுரை வீடு விற்கப்படவில்லை. மாலைதோறும் பாட்டனாரும் பாட்டியாரும் ஆலயம்வரை நடந்து மீள்கின்றனர். விடுமுறை நாட்களில் யாமும் உடன் செல்கின்றோம்.