நிறுத்தும் குமிழ்

"துப்பட்டாவைக் கழட்டி வை. முடியைக் கொண்டையாப் போடு. அப்புறம் ஏறு" என்றார் அக்கா.

லங்காவித் தீவின் படகுத்துறையில், அவருடைய பாய்மரப் படகின் முன் நின்றிருந்தேன். கோலாலம்பூருக்கு ஒரு கருத்தரங்குக்காகப் போயிருந்தவளை, இரண்டு நாள் தங்கிப்போகச் சொல்லி அழைத்திருந்தார். மலேசியத் தமிழர். அறுபதைத் தாண்டிய வயது. கணவர் இறந்தபிறகு அந்தப் படகைத் தனியாகவே ஓட்டுகிறார்.

பாய்மரப் படகுக்கு எதற்கு எஞ்சின் என்று கேட்டேன். துறையை விட்டு வெளியேறவும் திரும்பி வந்து கட்டவும் அது வேண்டும். காற்று விழுந்துவிட்டால் கரைசேரவும் அதுதான். உள்ளே இறங்கும் படிகளை அப்படியே தூக்கி ஓரமாக வைத்தார். அடியில் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின் இருந்தது.

"இதை நீதான் ஸ்டார்ட் பண்ணணும். தெரியாத ஆளை நான் கடலுக்குக் கூட்டிட்டுப் போறதில்ல லா."

காரணத்தையும் சொன்னார். கணவரோடு பதினோரு ஆண்டுகள் கடலில் போனவர் அவர். சமையல், பாய்க்கயிறு, வரைபடம் எல்லாம் அவர் பொறுப்பு. எஞ்சின் மட்டும் கணவருடையது. "கையெல்லாம் எண்ணெயாகும், நீ விடும்மா" என்பாராம். அன்பான மனிதர்தான்.

ஒருநாள் காற்றில்லாத கடலில் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தபோது, அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அக்கா சாவியைத் திருகினார். எஞ்சின் சுழன்றது; பற்றவில்லை. மறுபடி மறுபடி திருகினார். பிறகு அது சுழலவும் இல்லை. ஒரு மீன்பிடிப் படகு வந்து கட்டி இழுத்துப் போனபோது நேரம் கடந்திருந்தது.

அந்த மாதிரி எஞ்சினை நிறுத்த ஒரு குமிழை வெளியே இழுப்பார்கள். டீசல் போவது நின்றுவிடும். மறுபடி ஓட்டுவதற்கு முன் அதை உள்ளே தள்ள வேண்டும். அன்று அது வெளியிலேயே இருந்தது. எஞ்சின் பற்றாமல் சுழலச் சுழல, பம்ப் கடல்நீரை இழுத்துக்கொண்டே இருந்தது. அதை வெளியே தள்ளப் புகை இல்லாததால், நீர் புகைக்குழாய் வழியே பின்வாங்கி சிலிண்டருக்குள் புகுந்து எஞ்சினைப் பூட்டிவிட்டது.

"ஓடியிருந்தா பிழைச்சிருப்பாரான்னு தெரியாது. ஆனா அந்தக் குமிழைத் தள்ள ஒரு நொடிதான் ஆகும்" என்றார்.

பிறகு எனக்குக் கற்றுத்தந்தார். அளவுக்கோலை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து எண்ணெய் பார்த்தேன். பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். கடல்நீர் வால்வைத் திறந்தேன். குமிழ் உள்ளே இருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்தேன். பிறகுதான் சாவி. பற்றியதும் பின்பக்கம் ஓடி, புகைக்குழாயிலிருந்து புகையோடு தண்ணீரும் துப்புகிறதா என்று பார்க்கச் சொன்னார். தண்ணீர் வராவிட்டால் எஞ்சினைக் குளிர்விக்க ஏதும் போகவில்லை என்று பொருள். உடனே நிறுத்திவிட வேண்டும். வந்தது. கியர் போடுமுன் கயிறு எதுவும் நீரில் தொங்கவில்லை என்று எட்டிப் பார்த்தேன். தொங்கினால் அடியிலிருக்கும் விசிறியில் சுற்றிக்கொள்ளும்.

அந்தச் சத்தம் என்னை எங்கள் வயலுக்குக் கொண்டுபோனது. காவிரிப் பாசனத்தில் எங்களுக்கும் ஒரு ஆயில் எஞ்சின் இருந்தது. பத்து வயதுத் தம்பிக்குக் கைப்பிடி சுற்றக் கற்றுக்கொடுத்தார் அப்பா. பதினான்கு வயதான நான் கொட்டகை வாசலில் நின்றேன். "பொம்பளப் புள்ளைக்கு அங்க என்ன வேலை? பெல்ட்டு பாவாடைய இழுத்துரும்" என்றார். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வா என்று சொல்லியிருக்கலாம். அம்மா அதே பாவாடையை நாற்று நட இடுப்பில் செருகிவிடத்தான் செய்தாள்.

அப்பா சொன்ன ஆபத்து பொய்யில்லை. அக்கா துப்பட்டாவைக் கழற்றச் சொன்னதும் அதே ஆபத்துக்காகத்தான். அப்பா என்னை வாசலில் நிறுத்தினார். அக்கா துணியை மட்டும் வெளியே நிறுத்தினார். முப்பது வருடமாக முதலாவதைத்தான் பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன்.

மாலையில் துறைக்குத் திரும்பியதும், எஞ்சினைச் சற்று நேரம் மெதுவாக ஓடவிட்டுச் சூடு தணிந்தபின் குமிழை இழுத்தேன். முழுதாக நின்றபிறகே சாவியைத் திருப்ப வேண்டுமாம். ஓடும்போது சாவியை அணைத்தால் சில எஞ்சின்களில் பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டர் கெட்டுவிடும். கடைசியில் அக்கா ஒன்றும் சொல்லாமல் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். குமிழை உள்ளே தள்ளினேன்.

நான் துணைக் காப்பாளராக இருக்கும் பெண்கள் விடுதியில் ஒரு டீசல் ஜெனரேட்டர் உண்டு. மின்சாரம் போனால் காவலர் அண்ணன் வரும்வரை இருநூறு பெண்கள் இருட்டில் இருப்போம். ஊர் திரும்பிய வாரம் அவரிடம் கேட்டேன்: "அண்ணே, இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுங்க." நான்கு மாணவிகள் கொண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். முதலில் எங்கே தொடங்கணும் என்று அவர் கேட்டார்.

எப்படி நிறுத்துவது என்பதிலிருந்து தொடங்குங்கள் என்றேன்.